நாற்பத்தொரு டிகிரி

முப்பத்து நான்கு புள்ளி எட்டு. நம்பாதே. இது மலையின் சூடு இல்லை. கம்பியைத் திருகித் திருகி ஒரு மீட்டர் ஆழத்துக்குத் துளை போட்டதில் மண்ணும் இரும்பும் உரசிய சூடு, கடற்கரையிலிருந்து வெயிலில் தோளில் சுமந்து வந்த வெப்பமானியின் சூடு, அதை இறுக்கிப் பிடித்திருந்த என் கைச்சூடு. எல்லாம் அடங்க அரை மணி ஆகும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை பார்த்து எழுத வேண்டும். முப்பதாவது நிமிடம் என்ன காட்டுகிறதோ அதுதான் மண்ணின் சூடு, மற்றதெல்லாம் நம்முடைய அவசரம். மணி பத்து நாற்பது. பிச்சமுத்து தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டு அதன் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். தலைமைக் காவலர், ஐம்பதைத் தொட்டவர், இடது காலைக் கொஞ்சம் சாய்த்து நடக்கிறவர். அந்தமானுக்கும் பர்மாவுக்கும் நடுவில் கிடக்கும் இந்தத் தீவின் காவல் சாவடியில் இருக்கிற பதினாறு பேரில் தமிழ் பேசுகிறவர் இவர் ஒருவர்தான், அதனால் எனக்குத் துணையாக அனுப்பியிருக்கிறார்கள். "நேரத்த நான் பாத்துக்கிறேன் மேடம், நீங்க நிம்மதியா உக்காருங்க" என்றார். நிம்மதி. நல்ல ஆளிடம் சொன்னார். பன்னிரண்டு வருடம் முன்னால் இதே மேட்டில், இதே அத்திமரத்திலிருந்து ஆறடி தள்ளி, இதே போல் ஒரு துளை போட்டு நாற்பத்தொன்று என்று எழுதினேன். இன்று இந்தத் துளை இருபத்தேழு என்று சொன்னால் இந்தக் காட்டை வெட்டிச் சாலை போடுவார்கள், என்னைப் பொய்க்காரி என்பார்கள். இரண்டில் எதற்கு நான் அதிகம் பயப்படுகிறேன் என்று யாராவது கேட்டால், காட்டுக்கு என்று சட்டென்று சொல்லிவிடுவேன். அவ்வளவு சட்டென்று வருகிற பதில் மேல் எனக்கே சந்தேகம்.

முதல் ஐந்து நிமிடத்தில் ஒன்றும் செய்வதற்கில்லை, மலையைப் பார்க்கலாம். மலையைப் பார்ப்பது என்றால் இங்கே மரத்தைப் பார்ப்பதுதான், அத்தனை அடர்த்தி. எழுநூறு மீட்டர் உயரம், உச்சி எப்போதும் மேகத்துக்குள். கடலுக்கு மேலே தெரிவது வெறும் தலை, உடம்பெல்லாம் தண்ணீருக்குள் ஆயிரம் மீட்டருக்கு மேல் இறங்குகிறது. எரிமலைக் குழம்பு கெட்டியாக, பாகு பதம் தாண்டியதாக, ஓட முடியாமல் வாயிலேயே குவிந்து குவிந்து வளர்ந்த மலை. கல்லை உடைத்தால் சாம்பல் நிறத்தில் கறுப்பு ஊசிகள் மின்னும். அந்த ஊசிகள் பல மைல் ஆழத்தில், தண்ணீர் கலந்த குழம்பில், அவசரமே இல்லாமல் வளர்ந்தவை. கடைசியாக இது எப்போது எரிந்தது என்று யாருக்கும் தெரியாது. எரிந்ததைப் பார்த்தவர் எழுதி வைக்கவில்லை, பார்க்க ஆளே இருந்திருக்காது. எங்கள் நிலவியல் அலுவலகப் படிவத்தில் எரிமலைக்கு மூன்று கட்டம் உண்டு. எரிவது, உறங்குவது, செத்தது. ஒன்றில்தான் குறி போடலாம். தெரியாது என்று ஒரு கட்டம் கிடையாது, இருந்திருந்தால் நாங்கள் பாதிப் பேர் அதிலேயே குறி போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்போம். உறக்கம் என்கிற சொல்லே எனக்குப் பிடிக்காது. தூங்குகிறவன் எழுந்திருப்பான் என்று நமக்குத் தெரியும், அதனால்தான் அதைத் தூக்கம் என்கிறோம். மலை விஷயத்தில் அது எழுந்த பிறகுதான் இத்தனை நாள் தூங்கிக்கொண்டிருந்தது என்று சொல்ல முடியும். "அஞ்சு ஆச்சு மேடம்" என்றார் பிச்சமுத்து. முப்பத்தொன்று புள்ளி இரண்டு. எழுதினேன். பேனா நன்றாகத்தான் எழுதுகிறது, கைதான் வியர்க்கிறது.

மூன்றரை டிகிரி இறங்கியாயிற்று. இறங்கத்தான் செய்யும். அன்றைக்கும் முதலில் இறங்கியது, முப்பத்தாறில் ஆரம்பித்து முப்பத்தைந்துக்கு வந்து, பிறகு ஒரு நிமிடம் அசையாமல் நின்று, ஏற ஆரம்பித்தது. ஏறிய அந்த நேரம் என் வாழ்க்கையில் சந்தோஷமான நேரங்களில் ஒன்று, அதை மறைப்பானேன். முப்பத்தாறு வயது, முதல் தனிக் களப்பணி, கூட வந்த ஆண்கள் எல்லாரும் படகிலேயே வாந்தி எடுத்துச் சுருண்டு கிடந்தார்கள். நான் மட்டும் ஏறினேன். கம்பியின் நுனியில் வந்த மண்ணில் கறுப்புப் பொடி இருந்தது. வேர் கருகியிருக்கிறது என்று நினைத்தேன். வேர் கருகும் அளவுக்கு ஒரு காலத்தில் சூடு! நினைக்க நினைக்க உடம்பு சிலிர்த்தது. அந்தப் பொடியை விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டுத் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். கல்லூரியில் முதல் வருடம் படிக்கிற பிள்ளைகூடக் கழுவாது, காகிதத்தில் மடித்துப் பைக்குள் வைக்கும். நான் கழுவினேன். மதியம் நாற்பத்தொன்று புள்ளி இரண்டு என்று எழுதி, அடியில் மூன்று கோடு போட்டு, தேதி எழுதினேன். கரைக்கு வந்து வயர்லெஸ்ஸில் வைகுண்டம் சாரிடம் சொன்னேன். எங்கள் பிரிவின் தலைவர், யாரையும் பாராட்டிப் பழக்கமில்லாதவர். "இன்னொரு தடவ சொல்லும்மா" என்றார். சொன்னேன். "மலை உயிரோட இருக்குன்னு சொல்ற" என்றார். ஆமாம் சார் என்றேன். இன்னொரு துளை போட்டிருக்கலாம், பத்தடி தள்ளி ஒன்றே ஒன்று. ஏன் போடவில்லை என்று யாரும் கேட்கவில்லை. மழை வந்தது, இறங்க நேரமானது, கம்பி வளைந்துவிட்டது, காரணம் வேண்டுமென்றால் கிடைக்காதா என்ன. போட்டால் இருபத்தேழு என்று வந்துவிடுமோ என்று உள்ளுக்குள் ஒரு மூலையில் இருந்தது. அந்த மூலைப் பக்கம் நான் போகவில்லை.

"பத்து" என்றார். இருபத்தொன்பது புள்ளி பூஜ்யம். கொசு காதுக்குள் வந்து போகிறது. நெய்வேலியில் நான்காம் வகுப்பு படிக்கும்போது ஒரு நாள் பள்ளிக்கூடம் போகப் பிடிக்காமல், வாய்ப்பாடு ஒப்பிக்க வேண்டியிருந்தது என்று ஞாபகம், அம்மா வைத்த காய்ச்சல்மானியை அவள் அடுப்பங்கரைக்குப் போன நேரத்தில் காப்பி டம்ளருக்குள் விட்டு எடுத்து மறுபடி நாக்கடியில் வைத்துக்கொண்டேன். நூற்று ஐந்து. எனக்கு அளவு தெரியாது, அம்மாவுக்குத் தெரியும். செருப்புக்கூடப் போடாமல் என்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள், எட்டு வயதுப் பெண்ணை, ஒன்றரை மைல். அங்கே பார்த்தால் தொண்ணூற்றெட்டு. டாக்டர் சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை. வழியில் இறங்கிவிட்டது போலிருக்கிறது, சமயபுரத்தாள்தான் இறக்கினாள் என்றாள், ஒரு வருடம் செவ்வாய்க்கிழமை ஒருவேளைதான் சாப்பிட்டாள். ஐம்பத்திரண்டு செவ்வாய்க்கிழமை நான் எதிரே உட்கார்ந்து இரண்டு தோசை, மூன்று தோசை என்று சாப்பிட்டேன். சொல்லியிருக்கலாம். சொன்னால் அடி விழும் என்று பயமா என்றால் அதுவும் இல்லை, அம்மா அடிக்கிறவள் இல்லை. ஒவ்வொரு வாரமும் போன வாரமே சொல்லியிருக்க வேண்டும் என்று தோன்றும், போன வாரம் சொல்லாததை இந்த வாரம் எப்படிச் சொல்வது. அவ்வளவுதான். பெரிய பொய்களுக்கும் இதைவிடப் பெரிய காரணம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. சீ, இப்போது எதற்கு அது. மண்ணைப் பார். மண்ணே, மலையே, தயவுசெய்து கொஞ்சம் சூடாயிரு. இப்படி வேண்டிக்கொள்கிற நிலவியல்காரி உலகத்தில் நான் ஒருத்திதான் இருப்பேன். கீழே பதினாறு பேர் தூங்கி எழுந்து சோறு பொங்குகிற தீவு, இது சூடாக இருந்தால் அவர்களுக்கு ஆபத்து, எனக்குச் சௌகரியம். எவ்வளவு அழகான வேண்டுதல். அம்மா பட்டினி கிடந்தாவது காய்ச்சல் இறங்க வேண்டும் என்று கேட்டாள், நான் ஏற வேண்டும் என்று கேட்கிறேன்.

மேலே விசிறி சுற்றுவது போல ஒரு சத்தம். இருவாச்சி. கண்ணில் படுவதற்கு முன்னாலேயே சிறகுச் சத்தம் வந்துவிடும், பிறகுதான் பறவை வரும். ஆண் பறவை, கழுத்தில் பழுப்பு, பெரிய வெளிர் அலகு, அலகு நிறைய அத்திப்பழம். எங்கேயோ ஒரு மரப்பொந்தில் அதன் பெட்டை தன்னையே அடைத்துப் பூசிக்கொண்டு, ஒரு கீறல் மட்டும் விட்டு, முட்டை மேல் உட்கார்ந்திருக்கும். இந்த ஆண் போகாவிட்டால் உள்ளேயே சாகும். இந்த இனம் உலகத்தில் இந்தத் தீவில் மட்டும்தான், ஏழு சதுர கிலோமீட்டரில் சில நூறு பறவை. எரிமலைச் சாம்பல் மக்கிய மண், அந்த மண்ணில் பெருத்த அத்தி, அத்தியில் இருவாச்சி, அதன் எச்சத்தில் மறுபடி அத்தி. எரிந்ததுதான் இதையெல்லாம் வளர்த்தது. இதன் உச்சியில் ஒரு கண்காணிப்புக் கோபுரம் வைக்க வேண்டும், அதற்குக் கரையிலிருந்து சாலை வேண்டும் என்று ஒரு திட்டம் வந்தது. என் அறிக்கை போய் இரண்டு வருடம் கழித்துத்தான் வந்தது, இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள் குணசுந்தரி, இரண்டு வருடம் கழித்து. சூடான தரையில் கோபுரம் வேண்டாம் என்று அப்போது கைவிட்டார்கள். செய்தித்தாளில் அதைப் படித்த நாளில்தான் என் பொய்க்கு இறக்கை முளைத்தது. பறவைகளுக்காகச் சொன்னேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள ஆரம்பித்தேன். கேட்க நன்றாக இருந்தது. ஆனால் முதலில் பறவையே கிடையாது. முதலில் ஒரு கரி மூட்டைதான் இருந்தது. அளந்த மறுநாள் கிளம்பும்போது சாவடியின் சமையல்காரர் மரியதாஸ் எங்கள் படகுச் சமையலுக்கு என்று அரை மூட்டை கொட்டாங்கச்சிக் கரி கொண்டுவந்து போட்டார். நல்ல கரியாக இருக்கிறதே என்றேன். "நம்ம கையால போட்டதுங்க. மேட்டுல, அத்திமரத்துப் பக்கத்துல குழி வெட்டி மூட்டம் போட்டிருந்தேன். காட்டுல நெருப்பு கூடாது, ஆபீசர்ங்க வர்றாங்கன்னு எங்க சாவடி பெரிய சாப் அவசர அவசரமா மண்ணப் போட்டு மூடச் சொல்லிட்டாரு. உள்ள கனன்னுக்கிட்டே கெடந்துச்சு, நேத்துதான் தோண்டி எடுத்தேன்" என்றார். சிரித்த முகமாகச் சொன்னார். படகு ஆடியது. நான் குமட்டலை அடக்குவது போல வாயைப் பொத்திக்கொண்டேன். அறிக்கை அப்போது தட்டச்சுக்குக்கூடப் போகவில்லை. மூன்று வாரம் இருந்தது. மூன்று வாரமும் தினம் காலையில் வைகுண்டம் சார் அறை வாசல் வரைக்கும் போனேன். அவர் உள்ளே இருந்து, நம்ம பொண்ணு கண்டுபிடிச்சது, என்று தொலைபேசியில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருப்பார். நான் திரும்பி வந்து காப்பி குடிப்பேன். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். மரியதாஸ் எங்கே இருக்கிறாரோ. தெரிந்த ஒரே ஆள் நான். இப்போது திட்டம் மறுபடி வந்திருக்கிறது. அந்தச் சூடு இன்னும் இருக்கிறதா என்று ஒரே ஒரு வரி கேட்டு, எழுதியவரையே அனுப்பிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் காய்ச்சலில் படுத்தேன், அது நிஜக் காய்ச்சல். "பதினஞ்சு மேடம்." இருபத்தேழு புள்ளி ஒன்பது.

அவ்வளவுதான், இனி இது ஏறாது. அன்றைக்கு ஏறியது போல ஏறாது. எழுதும்போது ஒன்பது சரியாக விழவில்லை, அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். இன்னும் வழி இருக்கிறது, இல்லாமல் இல்லை. சூடு இடம் மாறியிருக்கலாம் என்று எழுதலாம். எரிமலைகளில் அது நடக்கும், ஆவி வருகிற வெடிப்பு அடைபட்டு இன்னொரு பக்கம் திறக்கும், யாரும் மறுக்க முடியாது. பன்னிரண்டு வருடத்தில் தணிந்திருக்கிறது, கவனிக்கப்பட வேண்டும், அவசரப்பட்டு எதுவும் கட்ட வேண்டாம் என்று எழுதலாம். ஒரு வரியில்கூடப் பொய் இருக்காது, மொத்தமும் பொய்யாக இருக்கும். பறவை பிழைக்கும், நானும் பிழைப்பேன். இதில் கெடுதல் யாருக்கு. யாருக்குமே இல்லை. எழுநூறு மீட்டர் மலையில் ஒரு மீட்டர் துளை, யானையின் ஒரு ரோமத்தைத் தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் உண்டா இல்லையா என்பது போல. அந்த ரோமம் என்ன சொன்னால் என்ன. உண்மையாகவே இந்த மலை உறங்குகிறதா என்று தெரிய வேண்டுமென்றால் ஓடைக் கரையில் சாம்பல் அடுக்கைத் தோண்டி, அடியில் கருகிய மரம் கிடைத்தால் அதன் வயதைப் பார்க்க வேண்டும். அது ஒரு மாத வேலை. நாற்பத்தொன்று கையில் இருந்ததால் அன்றைக்கு யாரும் தோண்டவில்லை, நானும் தோண்டவில்லை. பொய் வந்து உட்கார்ந்த இடத்தில் உண்மை வர வேண்டியிருந்தது. அதற்கு உட்கார இடமில்லாமல் போய்விட்டது. சரி, கெடுதல் யாருக்கு என்று கேட்டேன். கேட்டதற்குப் பதில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை.

"மேடம், கேக்கலாமா" என்றார் பிச்சமுத்து. கேளுங்க என்றேன். "நீங்க போன தடவ வச்சது நல்லா ஆழமாத்தான?" ஒரு மீட்டர்தான், ஏன் என்றேன். அவர் எழுந்து போய் அத்திமரத்துக்கு அந்தப் பக்கம், இலைச்சருகை ஒதுக்கி, தரையில் புதைத்திருந்த ஒரு பிளாஸ்டிக் குழாயின் மூடியைக் காட்டினார். வரும்போதே அதன் விளிம்பு கண்ணில் பட்டது, ஏதோ எல்லைக் குறி என்று விட்டுவிட்டேன். "இது நாங்க போட்டது. நீங்க எழுதி அனுப்புனதுக்கப்புறம் மேலிடத்துலருந்து ஆர்டர் வந்துச்சு. வாரம் ரெண்டு நாள், திங்களும் வியாழனும், ஒரு ஆளு ஏறி வந்து சூடு பாக்கணும். ரிஜிஸ்டர்ல எழுதி ரெண்டு மணிக்கு வயர்லெஸ்ல சொல்லணும். பன்னெண்டு வருஷமா நடக்குது. எனக்கு இது அஞ்சாவது டியூட்டி இந்தத் தீவுல. நானே எரநூறு தடவைக்கு மேல ஏறிருப்பேன்." எனக்கு இது தெரியாது. ஒரு காகிதம்கூட எங்கள் அலுவலகத்துக்கு வந்ததில்லை, அல்லது வந்து எந்தப் பெட்டியில் கிடக்கிறதோ. என்ன வரும் என்று கேட்டேன். "அதத்தான் மேடம் உங்கள்ட்ட கேக்கணும்னு நெனச்சிட்டிருந்தேன். எங்களுக்கு ஒரு நாளும் இருவத்தெட்டத் தாண்டல. இருவத்தேழு, இருவத்தாறரை, மழைன்னா இருவத்தாறு. நாங்கதான் தப்பா பாக்குறோம்போல. மொத வருஷம் இருவத்தேழுன்னு சொல்லச் சொல்ல, அங்க நாப்பத்தொண்ணு இருக்கணுமே, சரியா பாருங்கன்னு திருப்பி அனுப்புவாங்க. ரெண்டு மூணு பேரு ஏறாமலே நாப்பத்தொண்ணுன்னு எழுதிட்டாங்க, அவங்கள யாரும் ஒண்ணும் கேக்கல. எனக்கு அது வரல மேடம். கண்ணால பாத்தது இருவத்தேழு, அத எப்படி மாத்தி எழுதுறது."

பிறகு அவர் தன் இடது முழங்காலைத் தட்டிக்கொண்டார். "ஒரு வியாழக்கெழம நல்ல மழ. இருவத்தாறுன்னு சொன்னேன். திரும்பப் போய்ப் பாருன்னாங்க. திரும்ப ஏறுனேன். எறங்கும்போது ஓடைப் பாறையில வழுக்கி உள்ள விழுந்துட்டேன், காலு ஒடிஞ்சு போச்சு. கடல் மோசம், போட் வர நாலு நாளாச்சு. அதுக்குள்ள எலும்பு அதுபாட்டுக்குக் கோணலா ஒட்ட ஆரம்பிச்சிருச்சு." சிரித்தார், நிஜமாகவே வேடிக்கையான ஒன்றைச் சொன்னவர் போல. "இருவது மேடம்" என்று அதே மூச்சில் சொன்னார். இருபத்தேழு புள்ளி மூன்று. எழுதினேன், அல்லது எழுதியிருக்கிறேன், நோட்டில் இருக்கிறது. நான் இத்தனை வருடமும் பறவைகளை ஒரு பக்கமும் என்னை ஒரு பக்கமும் வைத்துத்தான் நிறுத்துப் பார்த்தேன். தட்டில் மூன்றாவதாக ஓர் ஆள் இருக்கிறார் என்று யோசித்ததே இல்லை. சாவடி என்பது எனக்குச் சாவடிதான், கூரை, கொடிக்கம்பம், நான்கு ஆடைகள் காயும் கயிறு. அதற்குள் ஒருவர் வாரம் இரண்டு நாள் ஏறி, சரியாகப் பார்த்து, சரியாக எழுதி, தான்தான் தப்பு என்று நினைத்துக்கொண்டு இறங்கிப் போயிருக்கிறார். நான் படித்த படிப்பு, என் பெயருக்குப் பின்னால் வருகிற எழுத்துகள், மூன்று கோடு அடித்த நாற்பத்தொன்று, எல்லாம் சேர்ந்து அவர் கண்ணை அவரே நம்பாமல் செய்திருக்கிறது. கால் ஒடிந்ததைவிட இதுதான் எனக்குத் தாங்கவில்லை. இல்லை, அப்படியும் சொல்லக்கூடாது, கால் என்னுடையது இல்லை. ஒடிந்தது அவருக்கு. அதைவிட இது பெரிது என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது.

சொல்லிவிடு. சொல்லாதே, முதலில் யோசி. சொன்னால் இந்த மேட்டோடு நிற்காது. இவர் கீழே சொல்வார், கீழே இருப்பவர் மேலே சொல்வார், திட்டக்காரர்கள் கைதட்டுவார்கள். சாலை வரும். வந்தே தீருமா. இந்த மலைக்கும் பறவைக்கும் என் பொய்யைத் தவிர வேறு நாதியே இல்லையா. உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு பறவை இங்கே இருக்கிறது என்பது நிஜம், அதைச் சொல்ல யார் தடுத்தார்கள். இது எப்போது எரியும் என்று யாருக்கும் தெரியாது என்பது நிஜம், அதை எழுத எது தடுத்தது. பன்னிரண்டு வருடம் வாரம் இரண்டு தடவை ஒரே இடத்தில் எடுத்த அளவு, அப்படி ஒரு ஏடு எங்கள் அலுவலகத்தில் எந்த மலைக்கும் இல்லை. உறங்குகிற மலையின் நிதானமான மூச்சு மாதிரி வரிசையாக இருபத்தேழு, இருபத்தேழு. நாளைக்கு அது இருபத்தொன்பது என்று வந்தால் அன்றைக்குத்தான் அர்த்தம், இந்த இருபத்தேழுகள் இருப்பதால்தான் அர்த்தம். அதைப் பார்த்துச் சொல்ல வேண்டிய ஆள் நான், நானோ அந்த ஏட்டைப் பொய் என்று ஆக்கி வைத்திருக்கிறேன். நிஜம் தோற்கலாம். தோற்றால் தோற்கட்டும் என்று சொல்ல மாட்டேன், தோற்றால் அழுவேன், அந்தப் பெட்டை இருக்கிற மரமும் சாலையில் போகலாம். ஆனாலும். "இருவத்தஞ்சு" என்றார். இருபத்தேழு புள்ளி ஒன்று. இன்னும் ஐந்து நிமிடம். முப்பது ஆகட்டும், பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். அந்த நினைப்பை எனக்கு நன்றாகத் தெரியும், வைகுண்டம் சார் வாசலில் மூன்று வாரம் பார்த்துப் பழகிய நினைப்பு. அதனால் அப்போதே சொன்னேன்.

"பிச்சமுத்து, அந்த நாப்பத்தொண்ணு மலையோட சூடு இல்ல. உங்க சமையல்காரர் மரியதாஸ் இங்க கரிக்குழி போட்டு மூடி வச்சிருந்தார். அதுக்குப் பக்கத்துல நான் துளை போட்டுட்டேன்."

அவர் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கரிக்குழியா" என்றார்.

"ஆமா."

"அது உங்களுக்கு எப்பத் தெரியும் மேடம்?"

இந்த இடத்தில் இப்போதுதான் தெரிந்தது என்று ஒரு சொல் சொன்னால் போதும். எவ்வளவு பக்கத்தில் இருந்தது அந்தச் சொல், நாக்கு நுனியில். "அப்பவே தெரியும். போட்ல ஏறும்போதே அவர் சொல்லிட்டார். நான்தான் மாத்தல" என்றேன்.

அவர் கல்லின் மேலிருந்த கடிகாரத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்தார். திட்டினால் தேவலை என்றிருந்தது. காற்று வந்து அத்தி இலைகளைப் புரட்டிவிட்டுப் போனது. கீழே எங்கேயோ அலை உருண்டைக் கற்களை இழுத்துக்கொண்டு போகிற சத்தம், தகர டப்பாவில் புளியங்கொட்டையைப் போட்டுக் குலுக்குவது போல. இந்த மலையிலிருந்து உடைந்து விழுந்த கற்கள்தான் அவை, உருண்டு உருண்டு உருண்டையானவை. "முப்பது" என்றார் கடைசியில். இருபத்தேழு புள்ளி ஒன்று. எழுதினேன், கோடு எதுவும் போடவில்லை. அவர் எழுந்து தன் குழாயின் மூடியைத் திறந்து, உள்ளேயிருந்து ஒரு மூங்கில் குச்சியை இழுத்தார். நுனியில் கண்ணாடி வெப்பமானி கட்டியிருந்தது. வந்தவுடனேயே உள்ளே விட்டிருக்க வேண்டும், நான் கவனிக்கவில்லை. வெளிச்சத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார், பிறகு என்னிடம் நீட்டினார். இருபத்தேழு.

"அப்ப நாங்க பாத்தது சரிதானா மேடம்?"

"எல்லாம் சரி. ஏறாம எழுதினவங்களத் தவிர, நீங்க பாத்தது அத்தனையும் சரி."

தலையை ஆட்டினார், எனக்காக இல்லை, தனக்காக. சட்டைக்குள்ளிருந்து ஒரு நீள நோட்டை எடுத்தார், அட்டைக்கு பிளாஸ்டிக் உறை போட்டிருந்தது. "இதுல எழுதிக் குடுங்க" என்றார். வாங்கினேன். இன்றைய தேதி, மணி, 27.1 என்று எழுதினேன். கீழே, பன்னிரண்டு வருடத்துக்கு முன் நான் எழுதிய நாற்பத்தொன்று தவறு, அது கரிக்குழியின் சூடு, தெரிந்தே திருத்தவில்லை, இந்த ஏட்டில் காவலர்கள் அளந்து எழுதியவை சரி என்று எழுதி, எம். குணசுந்தரி என்று கையெழுத்துப் போட்டேன். தெரிந்தே என்ற சொல்லும் தெளிவாகத்தான் விழுந்தது. அவர் வாங்கி எழுத்துக்கூட்டுவது போல மெதுவாகப் படித்தார். முடித்துவிட்டு முதலிலிருந்து இன்னொரு தடவை படித்தார்.

"இது எரியுமா எரியாதா மேடம்? அதச் சொல்லுங்க."

"தெரியாது பிச்சமுத்து. இப்ப சூடு இல்ல, அவ்வளவுதான் தெரியும். ஓடைக்கரைய நாளைலேருந்து தோண்டிப் பாக்கணும்."

"சரி" என்றார். நோட்டை மூடிக் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டார். மணி பதினொன்று பத்து தாண்டியிருந்தது. "ரெண்டு மணிக்கு வயர்லெஸ்ல சொல்லணும். எல்லாத் தீவுச் சாவடியும் அந்த நேரம் கேட்டுக்கிட்டிருப்பாங்க. நான் சொன்னா பழையபடி திரும்பப் போய்ப் பாருன்னுதான் சொல்லுவாங்க." நோட்டை என் பக்கம் நீட்டினார். "நீங்களே படிங்க. எழுதினது அத்தனையும்."

நான் வாங்கிக்கொண்டேன்.